பொறுத்தலும் காத்தலும்: நியூயார்க் காவலர் குடும்பம் ஒன்று தரும் பாடம்

முன்னுரை

தீமை செய்தவனைப் பொறுத்தல் கோழைமையா, வலிமையா என்னும் வினா மிகப் பழைமையானது. வள்ளுவப் பெருந்தகை 'பொறையுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஏட்டில் படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வறம், துப்பாக்கிக் குண்டு துளைத்த உடலில் எவ்வாறு வாழ முடியும்? நியூயார்க் மாநகரக் காவலர் ஸ்டீவன் மெக்டொனால்டின் குடும்ப வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சி

ஸ்டீவனின் பாட்டனாரும் தந்தையாரும் அதே மாநகரக் காவல்துறையில் பணிபுரிந்தவர்கள். அம்மரபைப் பின்பற்றி 1984ஆம் ஆண்டு இவரும் பணியில் சேர்ந்தார். 1986ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள், நகரின் நடுவே அமைந்த சென்ட்ரல் பூங்காவில் சிறுவர் மூவரை நிறுத்தி விசாரித்தார். அவர்களுள் பதினைந்து வயதுடைய ஒருவன் கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுட்டான். ஸ்டீவனுக்கு அப்போது வயது 29. கழுத்துக்குக் கீழே உடல் முழுதும் செயலிழந்தது. மூச்சு விடுவதற்கும் கருவியின் துணை வேண்டியதாயிற்று. மணமாகி ஓராண்டும் நிறைவுறவில்லை. மனைவி பேட்டி ஆன் கருவுற்றிருந்தார்.

மன்னிப்பு

1987 சனவரியில் ஆண் மகவு பிறந்தது. கானர் எனப் பெயரிட்டனர். குழந்தையின் ஞானமுழுக்கு நாளன்று, கணவர் சொல்லியவற்றைப் பேட்டி ஆன் எழுதி வைத்துச் செய்தியாளர் முன் படித்தார். சுட்ட சிறுவனை மன்னிப்பதாகவும், அவன் அமைதியும் வாழ்வின் பொருளும் காண விழைவதாகவும் அச்செய்தி அமைந்தது. கேட்டோர் வியந்தனர்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இம்மன்னிப்பு வலியை மறுத்த மன்னிப்பு அன்று. தமக்குச் சினம் எழுவதுண்டு என்பதையும் ஸ்டீவன் மறைக்கவில்லை. ஆயினும், உடலில் பாய்ந்த குண்டைவிட உள்ளத்தில் வளரும் பழியுணர்ச்சியே கொடியது என்பது அவர் கண்ட தெளிவு. அச்சிறுவன் தம்மை மனிதனாகக் காணவில்லை, சீருடையையே பகையாகக் கண்டான் என்றும் அவர் உணர்ந்தார். பகைவனின் கண்ணால் தம்மையே நோக்கும் இவ்வாற்றல் அரிதினும் அரிது.

மன்னிப்பும் நீதியும்

மன்னித்தால் குற்றம் பெருகாதா என்று மாணவர் வினவலாம். இவ்வழக்கில் மன்னிப்பு நீதியின் வழியை மறிக்கவில்லை. கொலை முயற்சிக் குற்றத்திற்காக அச்சிறுவன் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தான். அக்காலத்தில் இருவரிடையே மடல்கள் சென்று வந்தன. 1995ஆம் ஆண்டு விடுதலையான சில நாள்களிலேயே அவன் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் இறந்தான். தண்டிப்பது அரசின் கடமை. வெறுக்காதிருப்பது மனிதனின் கடமை. இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

சட்டமும் சமுதாயமும்

கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என நியூயார்க் மாநிலம் 1911ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. எனினும் பதினைந்து வயதுச் சிறுவன் கையில் அது கிடைத்தது. கட்டுப்பாடு தளர்ந்த பிற மாநிலங்களில் வாங்கப்படும் துப்பாக்கிகள் இம்மாநகருக்குக் கடத்தி வரப்படுவது நெடுங்காலச் சிக்கலாகும். 1990ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிகழ்ந்த கொலைகள் 2,200க்கும் மேற்பட்டவை. 2017ஆம் ஆண்டில் அவை 300க்கும் கீழே குறைந்தன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் மீண்டும் 400ஐக் கடந்தன. அமைதி என்பது ஒருமுறை ஈட்டினால் நிலைத்துவிடும் செல்வம் அன்று என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

அடுத்த தலைமுறை

ஸ்டீவன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, கருவி தரும் மூச்சின் இடையிடையே பேசிப் பள்ளிதோறும் சென்று மாணவரிடம் வன்முறையின் கேட்டை எடுத்துரைத்தார். பூசலால் பிளவுண்ட வட அயர்லாந்துக்கும் சென்றார். பேட்டி ஆன் முப்பது ஆண்டுகள் கணவரைப் பேணியதோடு, தாம் வாழ்ந்த மால்வெர்ன் என்னும் சிற்றூரின் மேயராகவும் தொண்டாற்றினார்.

தந்தை நிற்பதை ஒருநாளும் கண்டறியாத மகன் கானர், 2010ஆம் ஆண்டு அதே காவல்துறையில் சேர்ந்தார். தந்தையை வீழ்த்திய தெருக்களைக் காக்க மகன் புறப்படுவதைக் காணும் தாயின் உள்ளம் எத்தகையதாக இருந்திருக்கும்! பழிதீர்க்க அன்று, காக்கவே மகன் சென்றார் என்பதே அக்குடும்பத்தின் வெற்றி. 2017ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் ஸ்டீவன் தமது 59ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நிறைவுரை

இவற்றால், மன்னிப்பு ஒருநாள் சொல்லன்று, முப்பதாண்டுக் கால உழைப்பு என்பது புலனாகிறது. நம் வீடுகளிலும் விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழும் பிணக்குகள் அத்துணைப் பெரியன அல்ல. ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் உடன்பிறந்தோர் நம்மிடையே உளர். கை அசைக்கவும் இயலாத ஒருவர் நீட்டிய நட்பை, இரு கைகளும் உடைய நாம் நீட்டத் தயங்குவது தகுமா? மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.