முதியோரும் தடுப்பூசியும்

தமிழகத்துச் சிற்றூர்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கைக்குழந்தையை ஏந்திய தாய்மார் துணை சுகாதார நிலையத்தில் கூடுவர். கிராமச் சுகாதாரச் செவிலியர் அட்டையைப் பார்த்து அடுத்த தவணையைக் குறித்துத் தருவார். வராத குழந்தையின் வீட்டிற்கு அவரே செல்வதும் உண்டு. 1985இல் இந்திய அரசு தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இவ்வாறு வேரூன்றியது. 'அனைவருக்கும்' என்பது பெயரில் இருப்பினும், அது குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையுமே கருத்திற்கொண்டு அமைந்தது. பேரக்குழந்தையைத் தூக்கிவரும் பாட்டிக்கு அங்கே அட்டையும் இல்லை, தவணையும் இல்லை.

அகவை ஏற ஏற உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. இதற்கு அக்கி நோய் தக்க சான்று. இளமையில் சின்னம்மை கண்டவர் நலமடைந்த பின்னும் அந்நோயின் வைரசு நரம்புகளின் வேர்ப்பகுதியில் உறங்கிக் கிடக்கும். பெரும்பாலும் ஐம்பது அகவைக்குப் பின், எதிர்ப்பாற்றல் குன்றிய வேளையில் அது விழித்தெழுந்து, உடலின் ஒரு பக்கத்தில் பட்டைபோலக் கொப்புளங்களை எழுப்பும். குயவரிடம் சென்று செங்காவியால் 'அக்கி எழுதி'க்கொள்வது நம் நாட்டுப்புற வழக்கம். கொப்புளங்கள் சில வாரங்களில் தாமே ஆறிவிடுவதால் அவ்வழக்கம் நிலைத்தது போலும்! ஆனால், நரம்பு வலி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அக்கிக்குத் தடுப்பூசி உண்டு. எளியோர்க்கு எட்டாத விலையில் உண்டு.

முதியோரை, குறிப்பாக நீரிழிவு உடையோரை, வாட்டும் பிற நோய்கள் இன்ஃபுளுயன்சா காய்ச்சலும் நிமோனியாவும் ஆகும். இன்ஃபுளுயன்சா வைரசு அடிக்கடி உருமாறுவதால் அதற்கான ஊசியை ஆண்டுதோறும் செலுத்திக்கொள்ள வேண்டும். 2017-18இல் நாடு முழுவதும் 45 அகவைக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்ற முதுமை குறித்த பேராய்வில், இவ்விரண்டுக்கும் உரிய ஊசிகளில் ஒவ்வொன்றையும் செலுத்திக்கொண்டோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்பது தெரியவந்தது.

முதியோர் ஊசிக்கு அஞ்சுவதே இதற்குக் காரணம் என்பர் சிலர். அச்சம் இல்லாமல் இல்லை. ஆயினும், அதனை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. அம்மை குத்தும் பணியாளர் வாயிலில் வந்து நின்ற காலத்தில் கை நீட்டியவர்களே இன்றைய முதியோர். அத்தழும்பு பலர் கையில் இன்னும் இருக்கிறது. கொரோனா தடுப்பூசிக்குத் தொடக்கத்தில் தயங்கிய தமிழகத்தில், 2021 செப்டம்பர் 12 அன்று ஊர்தோறும் நடந்த சிறப்பு முகாம்களில் ஒரே நாளில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊசி செலுத்திக்கொண்டனர். ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காகச் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தைத் தாமே தேடிச் செல்கின்றனர். சான்றிதழ் இன்றிப் பயணம் இல்லை என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. முதியோர்க்கோ எந்த ஊசி, எப்போது, எங்கே என்று சொல்வார் அரியர்.

2021 ஆகஸ்டில் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை வீடுவீடாகக் கொண்டு சேர்க்கின்றனர். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்த நோயோடு முதியவர் வாழ்கிறார் என்பதை அவர்கள் அறிவர். தடுப்பூசி முதலில் யாருக்குத் தேவையோ, அவர்களுள் பலருடைய பெயர்கள் அவர்தம் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.