தந்தையின் கலையும் தனயனின் கடனும்

குலவித்தை கல்லாமலே கைவருமென்பது உலக வழக்கு. ஆயின், கைவந்ததைக் காத்து வளர்த்தல் எத்துணை அரிதென்பதை யப்பானியராகிய கிஷ்ஷோமாரு உயெஷிபாவின் வரலாறு உணர்த்தும்.

இவர்தம் தந்தையார் மொரிஹெய் உயெஷிபா (1883–1969) ஐக்கிடோ என்னும் தற்காப்புக் கலையை வகுத்தவர். வலிமையை வலிமையால் எதிர்த்து நில்லாது, பாய்ந்து வருவோனின் விசையோடு இயைந்து திரும்பி, அவன் நிலை தளருமிடத்து வீழ்த்துதலோ மூட்டினைப் பற்றி அடக்குதலோ இக்கலையின் இயல்பாம். 1931ஆம் ஆண்டில் அவர் தோக்கியோவில் ‘டோஜோ’ எனப்படும் பயிற்சிக்கூடமொன்றை அமைத்தார்.

1921இற் பிறந்த கிஷ்ஷோமாரு, வசேதாப் பல்கலைக்கழகத்திற் பயிலுங்காலத்திலேயே, 1942இல், அக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். தந்தையாரோ இவாமா என்னும் சிற்றூரை அடைந்து, உழவும் பயிற்சியுமாக வாழலாயினார். அது போர்க்காலம், மாணாக்கர் பலர் படைக்குச் சென்றனர். 1945இல் விமானக் குண்டுவீச்சால் நகர் எரிந்தபோது, மகனார் அயலவர் துணையோடு கூடத்தைத் தீயினின்றுங் காத்தார். போர் ஓய்ந்தபின் வீடிழந்த குடும்பங்கள் அங்கே தஞ்சம் புகுந்தன. கலை அழியுமோ என்று அஞ்சத்தக்க காலம் அது. கூடத்தின் வருவாய் சீவனத்துக்குப் போதாமையால், இவர் பங்கு வணிக நிலையமொன்றில் ஊழியஞ் செய்துகொண்டே கற்பித்து வந்தார்.

1948இல் ஐக்கிகாய் என்னும் அமைப்பு அரசின் அங்கீகாரம் பெற்றது. முன்னாளில் தக்கார் பரிந்துரையோடு வந்தவர்க்கே கற்பிக்கப்பட்ட கலை, படிப்படியே பொதுமக்கள் யாவர்க்கும் உரியதாயிற்று. தந்தையார் உள்ளத்தெழுந்தவாறு செய்துகாட்டிய நுட்பங்களை மகனார் முறைப்படுத்தி, 1957இல் நூலாகவும் வெளியிட்டார். 1967இல் பழைய மரக்கூடம் இருந்தவிடத்திற் பன்மாடிக் கட்டடம் எழுந்தது.

தந்தையார் மறைந்தபின் இவர் ‘டோஷு’ என்னும் தலைமைப் பதத்துக்குரியவரானார். 1999இல் இவர் காலமாக, மைந்தர் மொரிதெரு அதனை ஏற்றார். பேரர் மித்சுதெரு பின்னர்த் தலைமைக்கூடத்தின் பொறுப்பைப் பெற்றார்.

நுட்பங்களைத் தோற்றுவித்த புகழ் தந்தைக்கே உரியது. எரியுங் கூரையைக் காத்ததும், அலுவலகத்து ஊதியத்தால் அடுப்பெரித்ததும், பிறர் கற்குமாறு ஒழுங்குசெய்ததும் மகனின் தொண்டு. இவையின்றேல் அக்கலை ஒருவர் வாழ்நாளோடு ஒழிந்திருத்தலுங் கூடும். முன்னோர் தேடிய கல்வியைப் பெற்றோர், அதனை அடுத்தவர் கையில் முன்னினும் எளிதாகச் சேர்த்தலே அவர்க்குச் செலுத்துங் கடனாகும்.