அடங்குவதிலும் பல வகை

கேள்வி: திருமணமாகி ஏழு வருடம். 'படுக்கையறையில் நீ சொல்றதை நான் கேட்டு நடக்கணும்' என்கிறார் கணவர். பயமாக இருக்கிறது. இது நோயா?
- வாசகி, கம்பம்

பதில்: நோய் இல்லை, சகோதரி. வயது வந்த இருவர் மனமொத்துச் செய்வதை, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் நோயாகக் கருதவில்லை.

இப்படி அடங்கி நடக்க விரும்புபவரைக் குறிக்கும் 'சப்மிசிவ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல மனங்கள் இருக்கின்றன. சிலருக்குப் பணிவிடைதான் நிறைவு. காலைப் பிடித்துவிட்டு, காபியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, 'நல்லா இருக்கு' என்ற ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். சிலருக்குக் கட்டளை வேண்டும், வலி ஆகாது. வேறு சிலருக்குக் கட்டப்படுவதோ அடியோ பிடிக்கும், ஏவினால் பிடிக்காது. அவர்களை 'பாட்டம்' என்பார்கள். வேண்டுமென்றே முரண்டு பிடித்துச் சீண்டுபவர் 'பிராட்'. உங்கள் கணவர் இதில் யார்? அவரிடமே கேளுங்கள், பகல் வெளிச்சத்தில், நிதானமாக.

உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மறுத்துவிடுங்கள். பயந்து தலையாட்டுவது சம்மதம் ஆகாது. மிரட்டல் வந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

இருவருக்கும் விருப்பம் என்றால், நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்றை முடிவு செய்யுங்கள். 'பன்னீர் திராட்சை' என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வாய்தவறி வராது. அதைச் சொன்ன கணமே எல்லாம் நிற்க வேண்டும். கழுத்தை நெரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்குப் பாதுகாப்பான முறை கிடையாது. முடிந்ததும் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் அணைத்தபடி இருங்கள். சிலர் அப்போது அழுவார்கள். பதறாமல் கூடவே இருங்கள்.