முற்றிய கல்லீரல் புற்றுநோய்: மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது?

"கல்லீரலில் புற்றுநோய். முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது" என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே ஆடிப் போகிறது. "செங்கல்பட்டு பக்கம் இருக்கிற நிலத்தை வித்தாவது பார்த்துடலாம்" என்கிறார் மகன். "ஒண்ணும் வேணாம், என்னை விட்டுடுங்க" என்கிறார் நோயாளி. இரண்டுமே அவசர முடிவுகள். முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டு நோய்கள். ஒன்று புற்றுக்கட்டி. மற்றொன்று ஹெபடைடிஸ் பி, சி வைரஸ், குடி, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்பு ஆகியவற்றால் ஏற்கெனவே சுருங்கிப்போன கல்லீரல். மருந்து கொடுக்கலாமா என்பதைக் கட்டியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. மிச்சமிருக்கும் கல்லீரலின் பலமும் தீர்மானிக்கிறது. காமாலை முற்றி, வயிற்றில் நீர் கோத்து, படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு இந்த மருந்துகளால் தொல்லைதான் மிஞ்சும்.

என்னென்ன மருந்துகள்?

சோராஃபெனிப் என்ற மாத்திரைதான் முதலில் பலன் காட்டியது. 2008-இல் வெளியான ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 10.7 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் தாண்டியது 7.9 மாதங்களை. ஆக, இது நோயை ஒழிக்கும் மாத்திரை அல்ல. நாட்களைக் கூட்டும் மாத்திரை. லென்வாட்டினிப் என்ற மாத்திரையும் உண்டு.

2020-க்குப் பிறகு ஊசி மருந்துகள் முன்னுக்கு வந்துவிட்டன. அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றியபோது அந்தக் காலம் 19.2 மாதங்கள், அதே ஆய்வில் சோராஃபெனிப் சாப்பிட்டவர்களுக்கு 13.4. ஆனால் பெவசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். அதனால் முன்கூட்டியே எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செலவும் மிக அதிகம்.

விலை இறங்கிய கதை

ஒரு காலத்தில் சோராஃபெனிப்பும் எட்டாக்கனிதான். பேயர் கம்பெனி ஒரு மாதத்து 120 மாத்திரைகளுக்கு வைத்திருந்த விலை 2,80,428 ரூபாய்! 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம், இதே மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் வழங்கியது. இந்தியாவில் அதுவே முதல் முறை. பேயர் மேல்முறையீடு செய்தது. அப்போது சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013-இல் உரிமத்தை உறுதி செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2020-இல் காப்புரிமைக் காலமே முடிந்துவிட்டது. எனவே விலை உயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்று நிலத்தை விற்காதீர்கள். "ஜெனரிக் மாத்திரை இருக்கா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் இடமுண்டா என்று செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

கை, கால் பத்திரம்!

சோராஃபெனிப் ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கலாம். அழுத்தம் படும் இடத்தில்தான் அதிகம். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பியும், கடலோரக் குப்பங்களில் வலை இழுப்பவரும் முன்கூட்டியே டாக்டரிடம் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மெத்தென்ற செருப்பு போடுங்கள். யூரியா கலந்த களிம்பு தடவலாம். எரிச்சல் அதிகமானால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்க டாக்டருக்குத் தெரியும்.

கவனத்தில் வையுங்கள்

* சோராஃபெனிப்பைச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ, 2 மணி நேரம் கழித்தோ விழுங்க வேண்டும்.
* பேதி, ரத்த அழுத்தம் இரண்டையும் கவனியுங்கள்.
* ரத்த வாந்தி, கறுப்பு மலம், குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம்: உடனே ஆஸ்பத்திரி!
* கீழாநெல்லியோ வேறு நாட்டு மருந்தோ கொடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.
* ஹெபடைடிஸ் பி இருந்தால் அதற்கான மாத்திரையை நிறுத்தக் கூடாது. வீட்டில் மற்றவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"இந்த மருந்தால் எங்கப்பாவுக்கு எவ்வளவு நாள் கூடும்? அந்த நாட்கள் எப்படி இருக்கும்?" இந்த இரண்டு கேள்விகளை நோயாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மருந்து வேண்டாம் என்று அவர் முடிவு செய்தாலும், வலி குறைக்கும் சிகிச்சையைக் கேட்டு வாங்குங்கள். அது அவருடைய உரிமை.

வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.