ஆட்டுக்கல்லும் ஆடம்பரமும்

ஆடம்பரம் என்னுஞ் சொல் வடமொழியினின்றும் நம் மொழிக்கு வந்தது. ஆண்டு அதற்கு முரசு என்பதும் பேரொலி என்பதும் பொருள்களாம். பகட்டு என்னும் பொருளும் அதற்கு உண்டு. நாம் கொண்டது அதனையே. வைகறையில் எம் தெருவில் மாவரைக்கும் எந்திரங்கள் எழுப்பும் ஓசையைக் கேட்டவர், அவற்றை ஆடம்பரப் பொருள் என்பாரை ஒருவாறு மன்னிப்பர். ஓசையளவில் அப்பெயர் பொருந்துவதே. பயனளவிலும் பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அடுக்களைப் பொருள்களின் விலையேற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தவுடனே, "குளிர்ப்பெட்டியும் கிரைண்டரும் இன்றி நம் பாட்டியர் வாழ்ந்திலரோ?" என்று வினவுவார் உளர். வாழ்ந்தனர், மறுப்பாரில்லை. அவ்வாழ்வு எத்தகையதென்பதற்கு நம் இலக்கியமே சான்றாகும். உலக்கை கொண்டு குற்றும் மகளிர் பாடுதற்கென்றே வள்ளைப்பாட்டு என்றொரு பாடல்வகை எழுந்தது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் அஃது இடம்பெற்றுளது. திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் மகளிர் பாடுவதாக அமைந்ததே. இவற்றின் இனிமையை வகுப்பிற் கேட்டு மகிழும் நாம் ஒன்றை மறந்துவிடுகின்றோம். மெய் வருந்தும் வேலைக்கே பாட்டுத் துணை வேண்டப்படும். யான் இதுகாறும் கற்ற உரைகளுள் உலக்கையின் எடையைக் குறித்த உரை ஒன்றேனும் இல்லை. உரையாசிரியர் அனைவரும் ஆடவர் ஆதலின் போலும்.

ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும்; குழவி சுழலும். சுழற்றுவது பெண்ணின் தோள். அதனை மின்னெந்திரமாக்கிய முயற்சி கோயமுத்தூரில் 1955ஆம் ஆண்டளவில் பி. சபாபதி என்பாரால் தொடங்கப்பெற்றது. எந்திரத்தில் முறை மாறிற்று. உரல் சுழல, குழவி நிற்கலாயிற்று. மிக்சியின் கத்தி விரைந்து சுழன்று பொருளைச் சிதைக்கும். இதிலோ கல்லொடு கல் மெல்ல உராய்தலின் மாவு அத்துணைச் சூடேறுவதில்லை. கோயமுத்தூர்க் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றுளது. 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. அத்திட்டத்தைப் பற்றிப் பலர் பலவாறு பேசுவர். ஆயினும் ஏழையின் வீட்டிற்கும் இஃது இன்றியமையாதது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டமை தெளிவு.

இனி, வரியின் கதையைக் கேண்மின். 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபொழுது, கல்லால் அரைக்கும் கிரைண்டருக்கு விதித்த வரி நூற்றுக்கு 28. ஆடம்பரப் பொருள்களுக்குரிய உச்சப் படி அதுவே. அவ்வாண்டு நவம்பரில் அது 12 ஆயிற்று. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் 5 ஆயிற்று. 2022ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் மீண்டும் 18க்கு ஏறிற்று. வரி நீங்கலாக 10,000 ரூபா விலையுள்ள ஓர் எந்திரத்தைக் கருதுவோம். முதற்கண் 2,800 ரூபா வரி, பின் 1,200, பின் 500, அதன்பின் 1,800. ஏறத்தாழ ஐந்தாண்டில் கல்லும் மாறவில்லை, மாவும் மாறவில்லை. அதற்கு இட்ட பெயரே மாறிற்று. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் எந்திரத்தின் வரி 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் 28இலிருந்து 18க்கு இறங்கிற்று. ஆட்டுக்கல் 2022இல் எந்தப் படிக்கு ஏறியதோ, அப்படிக்கே அவ்வெந்திரம் இறங்கி வந்தது. எம் தெருவில் அதனை வைத்திருப்பார் ஒருவரும் இலர்.

விலையேற்றத்திற்கு வரியொன்றே காரணமன்று. மோட்டாரின் சுருள் செப்புக்கம்பியால் ஆயது. உலகச் சந்தையில் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் டன் ஒன்றுக்கு 5,000 டாலருக்குக் கீழே கிடந்த செம்பு, 2021ஆம் ஆண்டு மே திங்களில் 10,000 டாலருக்கு மேலே நின்றது. தொலைவிலுள்ள சுரங்கத்து விலை நம் அடுக்களைக்கு வந்து சேரும் வழி இது.

விலை ஏற ஏறக் கடைக்காரர் தவணையை முன்னிறுத்துவர். "வட்டியில்லாத் தவணை" என்பது அதற்குப் பெயர். 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, வட்டியில்லாக் கடன் என்பதொன்று இல்லை எனப் பிற வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. ரொக்கத்திற் கொள்வார்க்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணையிற் கொள்வார்க்குக் கிடையாதாயின், அந்த இழப்பே வட்டியாம். கையிற் பொருளில்லாதவரே மிகுதியாகக் கொடுக்கின்றனர்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. கடன் கொடுத்தவன் கடனாளியின் திரிகைக்கல்லை, மேற்கல்லாயினும் அடிக்கல்லாயினும், ஈடாகக் கொள்ளுதல் கூடாது. அது அவனது உயிரையே ஈடாகக் கொள்வதற்கு ஒப்பாம். அவ்விதியை வகுத்தோர் அரைக்குங் கல்லை எந்தப் படியில் வைத்தனர் என்பதை வரி வகுப்போர் ஒருமுறை நோக்கலாம். யான் இவ்விதியைப் பன்முறை ஓதியிருந்தும், அதன் பொருள் எனக்கு விளங்கியது எம் வீட்டில்தான்.

என் அன்னையார் இட்டலிமாவு அரைத்து அண்டை வீடுகளுக்கு விற்பவர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் எம் கிரைண்டரின் மோட்டார் எரிந்துபோயிற்று. யான் அப்பொழுது பள்ளி மாணவன். புதியது வாங்கக் கடைக்குச் சென்றோம். "போன மாதம் முதல் வாரத்திலேயே வந்திருக்கலாமே, அம்மா" என்றார் கடைக்காரர். அன்னையார் விலைச்சீட்டை இருமுறை படித்தார்; பிறகு பழையதையே பழுது பார்ப்போம் என்று திரும்பிவிட்டார். சுருள் கட்டுவோர் பன்னிரண்டு நாளாகும் என்றனர்.

கொல்லையிற் கோழிகளுக்கு நீர் வைத்திருந்த பாட்டியின் ஆட்டுக்கல்லை அன்றே கழுவினோம். எந்திரத்தில் ஒருமுறைக்கு அரைக்கும் அரிசியைக் கையால் அரைக்க முற்பகல் முழுவதும் போதவில்லை. யானும் குழவியைப் பிடித்தேன். மூன்றாம் நாள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மாவு வாங்கும் வீடுகளுள் பாதிக்கு இல்லையென்று சொல்லி அனுப்பினோம். அவற்றுட் சில பின்பு எம்மிடம் திரும்பவேயில்லை. அந்நாட்களில் எங்கள் வீட்டில் எவரும் வள்ளைப்பாட்டுப் பாடியதாக எனக்கு நினைவில்லை.

பதின்மூன்றாம் நாள் வைகறையில் எந்திரம் மறுபடியும் முழங்கிற்று. அன்னையார் அதனருகே அமர்ந்து, வெந்நீரில் நனைத்த துணியால் தோளை ஒற்றிக்கொண்டே, எந்தெந்த வீட்டிற்கு எத்துணைப் படி மாவு என்று என்னை எழுதச் சொன்னார். யான் எழுதிய பட்டியல் முன்னதிற் பாதியே இருந்தது.