தரை தொட்ட பிறகும் பறத்தல் முடிவதில்லை

நம்பிக்கை: சக்கரம் ஓடுபாதையைத் தொட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்தது.

சிறிய விமானத்தில் சிக்கலான சில நொடிகள் அப்போதுதான் தொடங்குகின்றன. வேகம் குறையக் குறைய வாலிலுள்ள ரட்டரில் மோதும் காற்றும் குறைகிறது. அதை அசைக்கும் கால்மிதிகளை மிதித்தாலும் பலன் தாமதமாகவே வரும். இறக்கைகளோ இன்னும் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருப்பதால், டயர்களுக்கு முழுப்பிடி கிடைத்திருக்காது. இந்த இடைவெளியில் பக்கவாட்டுக் காற்று வாலைத் தள்ளினால், மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும்.

நம்பிக்கை: வால் சக்கர விமானம்தான் சுழலும், மூக்குச் சக்கரம் இருந்தால் கவலையில்லை.

பாதி உண்மை. பைப்பர் கப், நம் பறக்கும் கழகங்களில் ஓடிய எச்.ஏ.எல். புஷ்பக் (முதல் பறப்பு 1958) போன்றவற்றில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். டிரெய்லர் பூட்டிய டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குப் புரியும்: சின்னக் கோணல் தானாகவே பெரிதாகும். விமானி தாமதித்தால் வால் முன்னே வர முயலும், விமானம் சுழலும், இறக்கை முனை தரையில் உரசும். இதுதான் ‘கிரவுண்ட் லூப்’.

1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172-இல் எடைமையம் முன்னால் இருப்பதால் கோணல் தானே நேராகப் பார்க்கும். ஆனால் அதிக வேகத்தில் இறங்கி, விமானத்தைத் தரையில் அழுத்தக் கைப்பிடியை முன்னால் தள்ளினால் எடை மூக்குச் சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரங்கள் லேசாகி, முன்சக்கரமே அச்சாக விமானம் திரும்பும். தவிர, அந்தச் சக்கரம் மிதிகளோடு இணைக்கப்பட்டது. காற்றைச் சமாளிக்க ஒரு மிதியை அழுத்தியபடியே முன்சக்கரத்தைத் தரையில் வைத்தால், அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்கும்.

நம்பிக்கை: இடப்பக்கம் ஓடினால் கைப்பிடியை வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

கார் ஓட்டிய கைகளின் பழக்கம் இது. ரொம்பப் பிடிவாதமான பழக்கம். தரையில் திசையைப் பார்த்துக்கொள்வது கால்கள். கைப்பிடியைத் திருப்பினால் அசைவது இறக்கை முனைகளிலுள்ள எய்லரான் என்ற தகடுகள் மட்டுமே. வலப்பக்கம் திருப்பினால் இடது எய்லரான் கீழிறங்கி, அந்தப் பக்கம் காற்றின் இழுவை கூடும். இடக்கோணல் மேலும் மோசமாகும். காற்றும் இடப்பக்கத்திலிருந்தே வந்தால் இடது இறக்கை தூக்கிக்கொள்ளும். சரியான முறை: கைப்பிடியைக் காற்று வரும் பக்கமே திருப்பி, வேகம் குறையும்போது இன்னும் கூட்டிக்கொண்டே போவது. தரை தொட்டதும் ‘அப்பாடா’ என்று கையைத் தளர்த்துவதுதான் பெரிய தவறு.

நம்பிக்கை: கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நாட் என்றிருக்கிறது, அதுவரை பயமில்லை.

செஸ்னா 172 கையேடு சொல்வது, சோதனையில் செய்து காட்டப்பட்ட பக்கக்காற்றை (மணிக்கு சுமார் 28 கி.மீ.). அது சட்ட வரம்பும் அல்ல, கற்றுக்குட்டிக்குக் கொடுத்த உத்தரவாதமும் அல்ல.

நம்பிக்கை: விலகினால் பிரேக்கை முழுதாக அழுத்து.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் டயருக்குப் பக்கப்பிடி இருக்காது. விலகல் தொடங்கும்போதே, முன்னால் ஓடுபாதை மீதமிருந்தால், முழு விசை கொடுத்து மீண்டும் எழும்பலாம். மூக்கு நன்றாகத் திரும்பிய பிறகு அதே விசை, விமானத்தை ஓரத்துப் புல்வெளிக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோகும்.