பொட்டிப்புரத்து வாயுவும் அணு உலைப் பேச்சும்

தேனி மாவட்ட ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் நியூட்ரினோ ஆய்வகப் பேச்சை எடுத்தால், "அந்த அணு உலைதானே?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு.

நம்பிக்கை: தேவாரம் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் வரவிருந்தது வாயுவால் குளிரவைக்கும் அணு உலை.

உண்மை: உலையும் இல்லை, யுரேனியமும் இல்லை. போடி மேற்கு மலையைச் சுமார் 2 கி.மீ. குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, நடுநடுவே கண்ணாடி உணர்கருவிகளைச் செருகுவதுதான் திட்டம். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே 2 மி.மீ. சந்து; வாயு இருப்பது அதில்தான். நியூட்ரினோ என்னும் நுண்துகள் இரும்பில் மோதும்போது பிறக்கும் வேறொரு துகள் அந்தச் சந்தைக் கடந்தால் சின்ன மின்துடிப்பு எழும், கணினி குறித்துக்கொள்ளும். அந்த வாயு எதையும் குளிரவைப்பதில்லை. ஊராரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பணம் போடுவது அணுசக்தித் துறை என்றால் வேறு எதைத்தான் நினைப்பார்கள்?

நம்பிக்கை: அந்த வாயு கசிந்தால் கதிர்வீச்சு பரவும்.

உண்மை: பரவாது. அதில் பெரும்பங்கு, கார் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ. ஆனால் காற்றில் கலந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் சரக்கு அது. கசிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

நம்பிக்கை: வாயு உலை என்றால் சிலிண்டர் மாதிரி வெடிக்கும்.

உண்மை: பொட்டிப்புரத்தில் இல்லாவிட்டாலும், வாயு உலைகள் உலகில் உண்டு. அவற்றில் உலையின் சூட்டைத் தண்ணீருக்குப் பதிலாக வாயு சுமந்து வருகிறது, அவ்வளவே. 1956இல் இங்கிலாந்தின் கால்டர் ஹாலில் கார்பன் டை ஆக்சைடு; 2023 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்த சீனாவின் ஷிடாவ் விரிகுடா உலையில் ஹீலியம். இரண்டும் தீப்பற்றாதவை. அதற்காக ஆபத்தே கிடையாது என்று சொன்னால் அதுவும் பொய். கால்டர் ஹாலுக்குப் பக்கத்திலேயே வின்ட்ஸ்கேலில் வெறும் காற்றை ஊதிக் குளிரவைத்தார்கள். 1957 அக்டோபரில் உலைக்குள் தீப்பிடித்து, கதிரியக்க அயோடின் புல்வெளிகளில் படிந்தது. சுற்றுவட்டாரத்தில் கறந்த பாலைக் கொட்ட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் வாயு உலையிலிருந்து மின்சாரம் வரவில்லை. கூடங்குளத்தில் தண்ணீர், கல்பாக்கம் மின்நிலையத்தில் கனநீர். ஹைட்ரஜன் தயாரிப்பதற்காக 5 மெகாவாட் வெப்பத்திறனில் ஒரு வாயு உலையைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிவருகிறது.

நம்பிக்கை: அணு உலை என்பதால்தான் பொட்டிப்புரத்துக்குத் தடை வந்தது.

உண்மை: மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதைக் காட்டி, 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்தபோது முன்வைத்ததும் மதிகெட்டானையும் பெரியாற்றையும் இணைக்கும் புலி வழித்தடத்தைத்தான்.